அலெக் கெடஸின் மகன்

ஹாஸ்வே தீவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே தச்சனாகி, அறுபத்தொரு வயது வரை அங்கேயே கிடந்தும் கிப்பி கெடஸ் ஊர்க்காரனாகவில்லை. அவன் அப்பா அலெக், தெற்கே ஸ்காட்லாந்துக் கரையில் பக்கி என்ற ஊரிலிருந்து மீன்பிடிப் படகின் எஞ்சின்காரராக வந்தவர். ஒரு கோடையில் இந்தத் தீவுப் பெண் ஓஸ்லாவைப் பார்த்தார். படகு திரும்பியபோது அவர் அதில் ஏறவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஹாஸ்வேயில் யாரும் தங்களை ஸ்காட்லாந்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. மகளுக்குச் சீதனம் கொடுக்கக் கையில் காசில்லாத ஒரு நார்வே ராஜா, இந்தத் தீவுகளை ஸ்காட்லாந்து மாப்பிள்ளையிடம் அடகு வைத்துவிட்டு மீட்காமலே போய்ச் சேர்ந்தான். ஐந்நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. போன வாரம்தான் ஏமாந்த மாதிரி இன்றைக்கும் கடை வாசலில் அதைப் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் கிப்பியின் பெயர் பள்ளிக்கூடத்திலேயே 'ஸ்காட்டு' என்று ஆகிவிட்டது. மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்கு வருவான்.

"என்னடா ஆச்சு?" என்பார் அலெக்.

"தடுக்கி விழுந்துட்டேன்ப்பா."

"எந்தப் பய மேல தடுக்கி விழுந்த?"

அதற்கு மேல் கேட்கமாட்டார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் அதே பையனின் அப்பா படகில் எஞ்சின் கோளாறு என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். தீவின் எல்லாப் படகுகளும் அவர் கைபட்டு ஓடியவைதான். ஜனவரிக் கடைசியில் தீத்திருநாள் வரும். இரும்புத் தொப்பியும் கேடயமும் கோடரியுமாக ஆண்கள் பழைய நார்வேக் கடல்வீரர்களான வைக்கிங்குகளின் வேஷத்தில் ஊர்வலம் போவார்கள். நான்கு மாதம் இழைத்துச் செய்த கப்பலைக் கடற்கரைக்கு இழுத்துப்போய்த் தீவட்டிகளை எறிந்து கொளுத்துவார்கள். அலெக்கை ஒரு கூட்டத்திலும் சேர்த்துக்கொண்டதில்லை. மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லா எரிஞ்சுது" என்பார். முப்பத்தேழு வருடம் அப்படிப் பார்த்தவர், ஒரு நவம்பர் மாதக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டிச் செத்துப்போனார்.

கிப்பி பத்தொன்பது வயதில் கப்பல் கொட்டகைக்குப் போனான். அவன் கை அப்படிப்பட்ட கை. யாராலும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. முதலில் ஆணி எடுத்துக் கொடுத்தான், பிறகு பலகை வளைத்தான், பிறகு முகப்பில் நிற்கும் நாகத்தின் தலை அவன் உளிக்கே என்று ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு கப்பல். ஒவ்வொன்றும் ஜனவரியில் சாம்பல். இடையில் கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள், மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அபர்டீன் நகரத்துக்குப் போய்விட்டாள். "கல்யாணம் பண்ணினது என்னையா, அந்தக் கொட்டகையையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அவன் தாயோடு வந்து ஒட்டிக்கொண்டான்.

தீத்திருநாளுக்கு ஒரு தலைவன் உண்டு. யார்ல் என்பார்கள். கமிட்டியில் பதினைந்து வருடம் இருந்தவனுக்கு வரிசைப்படி அந்த முறை வரும். அன்று ஒரு நாள் வெள்ளிச் சிறகு வைத்த தொப்பியோடு, பழைய வைக்கிங் வீரன் ஒருவனின் பெயரைச் சூடிக்கொண்டு, கப்பலின் மேல் நின்று வருவான். கிப்பியின் முறை வந்த வருடம், மார்ச் மாதக் கூட்டத்தில் கமிட்டித் தலைவர் ராஸ்மி ஹல்க்ரோ தொண்டையைச் செருமினார். கிப்பியைவிட மூன்று வயது மூத்தவர். மீன் வியாபாரம், இரண்டு பெரிய படகு, பெரிய குரல். கூட்டம் நடந்த மன்றமே அவர் அப்பா மான்சி ஹல்க்ரோவின் பெயரில்தான் இருந்தது. மான்சியின் படம் மேடைக்கு மேலே மாட்டியிருந்தது.

"கிப்பி, உன் கை இல்லாம இங்க கப்பல் இல்ல. அதை எவனும் மறுக்கல. ஆனா யார்ல்ங்கறது வேற விஷயம் பாரு. நம்ம முன்னோர் பேரைச் சூடிக்கிட்டு நிக்கணும். யாரோட முன்னோர்னு ஒரு கேள்வி வருதுல்ல?"

"எங்கம்மா இந்த ஊர்தானே?"

"அம்மா வழி சரிடா. அப்பன் வழி?"

"பக்கி வழி!" என்று பின்வரிசையிலிருந்து எர்ட்டி இங்க்ஸ்டர் குரல் கொடுத்தான். மன்றமே சிரித்தது. கிப்பிகூடச் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அவன் வெகுநாள் மன்னிக்கவில்லை.

செப்டம்பரில் கொட்டகையைத் திறந்து வழக்கம்போல் கப்பல் கட்டவும் செய்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் எச்சில் துப்பும் காய்ச்சல் பரவியிருந்தது. ராஸ்மி, டி.என்.ஏ. பார்த்துப் பூர்வீகம் சொல்லும் ஏதோ கம்பெனிக்குக் குப்பியில் எச்சில் துப்பி அனுப்பி, 'நார்வே முப்பத்தொரு சதவீதம்' என்று வந்த தாளைச் சட்டம் போட்டு மன்றத்தில் மாட்டிவிட்டார். அபர்டீனிலிருந்து மகள் மெரன் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கும் ஒரு குப்பி அனுப்பினாள். 'துப்பி அனுப்புங்க. அந்த ராஸ்மியை அம்மா வழி ரத்தத்தை வச்சே தோற்கடிச்சுடலாம்' என்று ஒரு சீட்டு. கிப்பி விளையாட்டாகத் துப்பினான்.

பிப்ரவரிக் கடைசியில் மெரன் போன் செய்தாள்.

"அப்பா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஏன், நான் ஆங்கிலேயன்னு வந்துருச்சா?"

"நார்வே முப்பத்தெட்டு."

கிப்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பத்தெட்டா! ராஸ்மியைவிட ஏழு கூடவா? நானும் சட்டம் போட்டு மாட்டுறேன் பாரு."

"அப்பா, அது இல்ல. கீழ சொந்தக்காரங்க பட்டியல் ஒண்ணு வரும். முதல் பேரு ராஸ்மஸ் ஹல்க்ரோ. நம்ம ராஸ்மி. உடன்பிறப்புன்னு போட்டிருக்கு. அப்பா ஒண்ணு, அம்மா வேற."

"மிஷின் தப்பு பண்ணியிருக்கும்."

"பக்கியில நம்ம ஷீலா அத்தை பொண்ணும் இதே கம்பெனியிலதான் பார்த்திருக்கா. தாத்தாவோட தங்கச்சி பொண்ணுதானே, அவ பேரு இதுல வரவே இல்லப்பா. ஒரு கெடஸ்கூட வரல."

கிப்பி போனை வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டுத் தொழுவத்தின் கதவைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். அதில் ஒரு கோளாறும் இல்லை. அவனுடைய பரந்த கட்டைவிரல் நகங்களை ஊரெல்லாம் 'அலெக் கை' என்று சொல்லும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஸ்மி வந்தார். கையில் விஸ்கி பாட்டில். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு அடுப்படியில் முதல் முறையாக உட்கார்ந்தார். உள்ளறையில் ஓஸ்லா படுத்திருந்தாள். எண்பத்து மூன்று வயது, ஒரு காது கேட்காது.

"எனக்கும் வந்துச்சுடா. நாலு நாளா தூங்கல" என்றார் ராஸ்மி. "எங்கப்பன் இருக்கானே, சும்மா இருந்த ஆளா? அரசல் புரசலாக் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா இது..." கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. "கூடப் பிறந்தவன் ஒருத்தனும் இல்லன்னே இத்தனை வருஷம் இருந்துட்டேன் கிப்பி. ஒரே தீவுல, ஒரே கொட்டகையில."

கிப்பி கிளாஸ் எடுத்து வைக்கவில்லை.

"அடுத்த வருஷம் யார்ல் நீதான். நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர் காதுல போட்டு வச்சுட்டேன். மான்சி ரத்தம்னா எவன் வாயைத் திறப்பான்?"

"போன வருஷமும் இதே கைதான் ராஸ்மி. இதே ரத்தம்தான்."

"அப்போ தெரியாதுல்லடா!"

"எனக்கும் தெரியாது. ஆனா கப்பலைக் கட்டினேன்."

ராஸ்மிக்கு அது விளங்கவில்லை. தோளில் தட்டிவிட்டு, பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். கார் சத்தம் அடங்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருடா அது? ஹல்க்ரோ குரல் மாதிரி இருந்துச்சு."

கிப்பி போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று அவன் வார்த்தையை மென்றுகொண்டிருந்தபோது ஓஸ்லாவே அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இத்தனை வருடமாக அந்த முகத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள்போல.

"எச்சில்ல தெரிஞ்சுருமாமே" என்றாள். "ரேடியோல சொன்னப்பவே நினைச்சேன்."

"அம்மா..."

"மான்சியோட கொட்டகையில மீனுக்கு உப்புப் போட்டுக்கிட்டிருந்தேன். இந்த வீடும் அப்ப அவரோடதுதான். உங்கப்பா அக்டோபர்ல திமிங்கல வேட்டைக் கப்பல்ல ஏறி உலகத்துக்கு அந்தக் கோடிக்குப் போயிட்டாரு. பிப்ரவரில கூரை ஒழுகுதுன்னு மான்சிகிட்ட சொல்லப் போனேன். வந்து பாக்குறேன்னாரு. வந்தாரு."

கிப்பி கேட்கக் கூடாததைக் கேட்டான். "கத்தினியாம்மா?"

"யாருக்குடா கேக்கும்? அன்னைக்கு அடிச்ச காத்துக்கு ஆடே நிக்கல."

"அப்பாவுக்கு?"

"மே மாசம் வந்து இறங்கினாரு. நானே சொல்லிட்டேன். மூணு நாள் பேசல. நாலாம் நாள் ஏணி வச்சு ஏறி, ஒழுகுற இடத்தை அடைச்சாரு. இறங்கி வந்து கையைக் கழுவிக்கிட்டே, 'பையன் பிறந்தா எங்கப்பா பேரு வைக்கணும், கில்பர்ட், கிப்பின்னு கூப்பிடலாம்'னாரு. அதோட சரி. சாகுற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"அப்புறம் ஏன்மா இங்கேயே இருந்தீங்க? பக்கிக்குப் போயிருக்கலாமே?"

"அவரு கூப்பிட்டாரு. நான்தான் மாட்டேன்னேன். அந்த ஊர்ல நான் யாரு?" கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்காக அவரு இங்கே கிடந்து ஸ்காட்டுக்காரன்னு பேரு வாங்கினாரு. இதை இதோட விட்டுடு ராசா. நான் இன்னும் எத்தனை நாளு?"

"சரிம்மா" என்றான் கிப்பி. அந்த நேரத்தில் அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை மதியம் கூட்டம். நன்றி சொல்லி, வேண்டாம் என்று மறுத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனான். ராஸ்மி எழுந்து, நாற்பத்திரண்டு கப்பல் கட்டியவனுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. முகங்களைப் பார்த்தான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 'ரெண்டு மூணு பேர் காது' என்பது ஹாஸ்வேயில் மொத்த ஊரும்தான். எர்ட்டி இங்க்ஸ்டர் பின்னாலிருந்து வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"முன்னாடியே தெரியாமப் போச்சே! அந்தத் தாடையைப் பார்த்தாலே மான்சிடா நீ! கெட்டிக்காரி உங்கம்மா, எங்க போய் வாங்கணுமோ அங்க வாங்கியிருக்கா!"

கிப்பி அவன் கையை விலக்கிவிட்டு முன்னால் போனான். மேடைக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினான்.

"இந்த ஆளு வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சொல்லப் போனா எங்கம்மா. புருஷன் கடல்ல. இருபத்தோரு வயசு. கூரையைப் பாக்குறேன்னு வந்தான் இந்த ஆளு. வந்து என்ன பண்ணினான்னு நான் சொல்லணுமா?"

எர்ட்டி மெல்லத் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

"கிப்பி," என்றார் ராஸ்மி, "செத்தவங்களைப் பத்தி இப்படிப் பேசாத."

"எங்கப்பாவும் செத்தவர்தான். அவரைப் பத்தி நாப்பது வருஷமா இந்த மன்றத்துல நீங்க பேசாததா? இந்த ஆளு மகனுக்குத்தான் தொப்பின்னா எனக்கு வேண்டாம். அலெக் கெடஸ் மகனுக்குக் கொடுக்கறீங்களா? கொடுக்கிறவன் கையைத் தூக்கு."

கிளாஸ்கோவிலிருந்து வந்த வாத்தியாரின் கை பாதி எழும்பியது. வெளியூர்க்காரரான தனக்கு ஓட்டு இல்லை என்பது நினைவுக்கு வந்ததோ, சுற்றிப் பார்த்தாரோ, இறக்கிவிட்டார். வேறு கை ஒன்றும் எழவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கிப்பிக்கு உடம்பே லேசாக இருந்தது. அறுபத்தொரு வருடத்தில் முதல் முறையாக அப்பாவுக்காகச் சண்டை போட்டு மூக்கு உடையாமல் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டான். கதவைத் திறந்தான். அடுப்பில் கெட்டில் தண்ணீர் வற்றிக் கருகிக்கொண்டிருந்தது. ஓஸ்லா போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது.

"என் பேரைச் சொன்னியா?"

"அப்பாவுக்காகத்தான்ம்மா..."

"உங்கப்பாவுக்காகவா?" அவள் குரல் உயரவில்லை. "அந்த மனுஷன் முப்பத்தாறு வருஷம் வாயைப் பொத்தி என்னைக் காப்பாத்தினாரு. நீ அஞ்சு நிமிஷத்துல என்னை அவுத்து ஊர் நடுவுல நிறுத்திட்டு வந்திருக்க."

கெட்டிலை இறக்கி வைத்த கிப்பியின் கை சுட்டது.

வியாழக்கிழமைதோறும் சர்ச்சிலிருந்து அவளைப் பார்க்க வரும் இரண்டு பெண்கள் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அந்தக் காலத்துல ஓஸ்லாவும் லேசுப்பட்டவ இல்லையாம். வேலைக்குப் போன எடத்துல பல்லைக் காட்டாம இருந்தா இதெல்லாம் நடக்குமா?" என்றாள். ரொட்டி வாங்க வந்த கிப்பி அலமாரிக்குப் பின்னால் நிற்பதை அவள் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். மன்றத்தின் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். யார்ல் பதவி எர்ட்டி இங்க்ஸ்டருக்குப் போனது.

ஓஸ்லா அதற்குப் பிறகு வீட்டை விட்டு இறங்கவில்லை. மகனோடு பேசியதெல்லாம் "உப்பு போதும்", "கதவைச் சாத்து" என்கிற அளவில்தான். கிப்பி தினமும் ஏதாவது சொல்ல வாயெடுப்பான். அவள் கேட்காத காதை அவன் பக்கம் திருப்பிக்கொள்வாள். மே மாதம் ஒரு காலையில் உப்புக்கண்டச் சூப்பைக் கொண்டுபோனபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அவன் ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான்.

அங்கே சவப்பெட்டியை எட்டுக் கயிறு பிடித்துக் குழிக்குள் இறக்குவார்கள். எட்டு ஆண்கள் வேண்டும். பெண்கள் வீட்டோடு நின்றுவிடுவது வழக்கம். யார் யாருக்கு எந்தக் கயிறு என்று கிப்பி சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினான். கல்லறை மேட்டுக்கு வந்தவர்கள் அவனையும் சேர்த்து ஏழு பேர். ஓஸ்லாவின் சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவர், பழைய தபால்காரர், குழி தோண்டுகிறவர், அந்த கிளாஸ்கோ வாத்தியார். பாதிரியார் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு காத்திருந்தார். எட்டாவது கயிறு பெட்டியின் மேல் சுருண்டு கிடந்தது.

கல்சுவருக்கு வெளியே ராஸ்மி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். தயங்கித் தயங்கி வாசல் வரை வந்தார்.

"கிப்பி, ஒரு ஆள் குறையுதே. நான் பிடிக்கிறேன்டா. எங்கப்பன் பண்ணினதுக்கு நான் என்னடா செய்யட்டும்?"

"மன்றத்துப் பலகையில இருக்கிற பேரைக் கழட்டியிருக்கலாம்."

ராஸ்மி தரையைப் பார்த்தார். அது தன்னால் ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

"அப்போ இந்தக் கயிறு உனக்கில்ல" என்றான் கிப்பி.

அப்போது கீழே வீட்டிலிருந்து மெரன் மேடேறி வந்துகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, சகதி அப்பிய நகரத்துச் செருப்பு. யாரிடமும் கேட்கவில்லை. ராஸ்மியைத் தாண்டி உள்ளே வந்து, எட்டாவது கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். தபால்காரர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் புத்தகத்தைப் பார்த்தார்.

"இறக்கலாமாப்பா?"

"மெதுவா விடு. சுத்தினதை அவுத்துடு, கையை இழுத்துரும்."

அலெக்கின் பக்கத்தில் இறக்கினார்கள். மெரன் பக்கம் பெட்டி ஒரு கணம் சாய்ந்தது, பிறகு நேரானது. திரும்பிப் பார்த்தபோது ராஸ்மி போய்விட்டிருந்தார்.

மறுநாள் படகுத்துறையில், "எங்கூட வந்துடுங்கப்பா, இங்க உங்களுக்கு யார் இருக்கா?" என்று மெரன் கேட்டாள். பார்க்கலாம் என்றான். போகவில்லை.

செப்டம்பரில் கால் பழக்கத்தில் கொட்டகை வரை போனான். பூட்டை மாற்றியிருந்தார்கள். அவன் உளிகளும் இழைப்புளியும் உள்ளே இருந்தன. யாரிடம் கேட்பது என்று மூன்று நாள் யோசித்து, கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினான். அந்த வாரக் கடைசியில் வேலிக் கதவோரம் ஒரு சாக்கு கிடந்தது. கருவிகள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றியிருந்தார்கள். சாக்கோடு ஒரு சீட்டும் இல்லை. கிப்பி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.